புத்தூர் ரயில் நிலையம்

கதவைத் திறந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே என் கார் மட்டும் நின்றது.

"ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தோம்" என்றார் ஆங்கிலத்தில்.

"நான்தான் அது" என்றேன் ரஷ்ய மொழியில்.

அவர் இன்னொரு தடவை காரைப் பார்த்தார். அதற்குள் வேறு யாரும் இல்லை என்பது உறுதியானதும், குனிந்து ஒரு சோடி வீட்டுச் செருப்பை என் காலடியில் வைத்தார். ரஷ்யர்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு போக விடமாட்டார்கள். நாங்களும் விடமாட்டோம். ஆனால் நாங்கள் மாற்றுச் செருப்புத் தருவதில்லை.

நீர்வேலி என்ற தமிழ் ஊரில் பிறந்த ஒருவன் ரஷ்ய வீட்டு வாசலில் போய் நின்றால் முதல் இரண்டு நிமிடம் இப்படித்தான் கழியும். அதற்காகவே நான் எங்கும் பத்து நிமிடம் முந்திப் போய்விடுவேன். அன்றைக்கு இருபது நிமிடம் பிந்தியிருந்தேன்.

காரணம், மெல்பேர்ண் நகரின் மேற்கு விளிம்பில் புதிதாக முளைத்த ட்ருகனினா. காரில் இருந்த வழிகாட்டிக் கருவியின் திரையில் நான் ஒரு வெறும் பச்சை வெளியின் நடுவே ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் இருந்த பெண் குரல், முடிந்தால் திரும்பிப் போகுமாறு பதினொரு தடவை கேட்டுக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே தார் வீதி இருந்தது. ஒரே உயரத்தில் மரக்கன்றுகள், ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு முட்டுக் கம்பு. வரிசையாக வீடுகள். கருவிக்கு மட்டும் அவை எதுவும் தெரியவில்லை.

உள்ளே புதுக் கம்பளத்தின் பசை மணமும் ஏதோ தானியம் வறுத்த மணமும் கலந்திருந்தன. குசினிக்குப் பக்கத்து மேசையில் ஜூலி என்ற அதிகாரி கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வயதானவர்களுக்கு வீட்டில் உதவி போதுமா, பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று மதிப்பிடுவது அவர் வேலை. முன்பு தாதியாக இருந்தவர். பொறுமையான முகம்.

மேசையின் தலைப்பக்கத்துக் கதிரையில் எழுபது தாண்டிய ஓர் அம்மா அமர்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தருகே ஒரு பதக்கம், கோட்டுப் பையில் பென்சில். பெயர் கலினா பெத்ரோவ்னா. கதவைத் திறந்தவர் அவருடைய ஒரே மகள் இரினா.

கலினா பெத்ரோவ்னா என்னைப் பார்த்தார். காரைத் தேடவில்லை.

"எங்க படிச்சனீங்கள்?"

"கார்க்கோவில."

"அதுதான். தெற்கத்திய உச்சரிப்பு" என்றார். அத்தோடு என்னைப் பற்றிய விசாரணை முடிந்தது.

லிஃப்ட் வரும்

எப்படி ரஷ்ய மொழி என்று இந்தத் தொடரை வாசிக்கும் இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புலமைப்பரிசில் கிடைத்து எந்திரவியல் படிக்கக் கார்க்கோவ் நகரத்துக்குப் போனேன். மூன்றாம் ஆண்டில் அந்த நாடே பல நாடுகளாக உடைந்து இல்லாமல் போனது. பல்கலைக்கழகம் இருந்தது. உதவிப்பணமும் வந்தது, ஆனால் அதைக் கொண்டு ஒரு மாதத்துக்கு உருளைக்கிழங்கு வாங்கலாம், எண்ணெய் வாங்க முடியாது. படித்தவர்கள் எல்லாரும் வியாபாரிகள் ஆனார்கள். நானும் தோல் ஜாக்கெட் விற்றேன்.

சந்தை என்றால் கன்டெய்னர் சந்தை. கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளை இரண்டு அடுக்காக வைத்துக் கீழே கடை, மேலே கிடங்கு. என் இடப்பக்கம் ஒரு வியட்நாம்காரி, வலப்பக்கம் ஒரு நைஜீரியர், எதிரே ஆப்கானியச் சகோதரர்கள். எல்லாரும் உடைந்த ரஷ்ய மொழியில் பேரம் பேசினோம். அந்தச் சந்தையை யாரும் திட்டமிடவில்லை. ஒரு வருடத்தில் அதற்குத் தெருக்கள் வந்தன, தெருக்களுக்குப் பெயர் வந்தது, தள்ளுவண்டியில் தேநீர் வந்தது, யாரும் கேட்காமலே வான்கள் வந்து ஆட்களை ஏற்றிப் போயின.

நான் தங்கியிருந்த மாடிக் கட்டடம் மட்டும் முறையாகத் திட்டமிட்டது. ஒன்பதாம் மாடியில் என் அறை. லிஃப்ட் வரும் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதியிருந்தது. நான் இருந்த நான்கு வருடமும் அது வந்துகொண்டே இருந்தது.

பிறகு கல்யாணம் பேசி, ஏற்கெனவே மெல்பேர்ணில் இருந்த சுகந்தியிடம் வந்து சேர்ந்தேன். என் பட்டத்தை மதிப்பிட்டவர்கள் அதை உறுதிசெய்து அங்கத்தைய கல்வி அமைச்சிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். அந்த அமைச்சு எந்த நாட்டில் இருந்ததோ அந்த நாடே இல்லை என்று பதில் எழுதினேன். அப்படியென்றால் கடிதத்தின் பிரதி போதும் என்றார்கள். எந்திரவியலை விட்டுவிட்டு நான் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதினேன்.

படகுகளில் எங்கள் ஆட்கள் வந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தமிழ் வேலைக்கு முடிவே இல்லை. தடுப்பு முகாமிலிருந்து தொலைபேசி வரும். ஏன் ஊரை விட்டு வந்தாய் என்று அதிகாரி கேட்பார். "இருக்க ஏலாது" என்பான் ஒரு பெடியன். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். அதிகாரி மிச்சத்துக்காகக் காத்திருப்பார். அவன் தன் பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்ட நிம்மதியில் இருப்பான்.

ரஷ்ய வேலை வாரத்துக்கு ஒன்று வரும். அது எனக்கு லீவு மாதிரி.

எங்கள் தொழிலின் சட்டம்

மொழிபெயர்ப்பாளர் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரத்தில் மட்டும் நான் ஏழு மாதக் கர்ப்பிணியாகவும், முதுகு விலகிய லொறிச் சாரதியாகவும், மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகளாகவும் இருந்திருந்தேன்.

இன்னொன்று. கலினா பெத்ரோவ்னாவின் பேச்சை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவர் பேசும்போது என் காதில் அப்படித்தான் விழுந்தது. ஜூலியின் ஆங்கிலம் எப்போதும் எழுத்துத் தமிழாகவே விழும். ஏன் என்று தெரியாது.

முதலில் இரினா ஆங்கிலத்திலேயே பிரச்சினையைச் சொன்னார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. விடிய ஐந்தரைக்குக் கிளம்பினால் பின்னேரம் ஐந்துக்குத்தான் திரும்புவார். கணவர் இல்லை, பிரிந்தாயிற்று. அம்மாவை ரஷ்யாவிலிருந்து இங்கே கூப்பிட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. அம்மா இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய்விட்டார். முதல் தடவை ஒரு லொறிக்காரர் ஏற்றிவந்தார். இரண்டாம் தடவை பொலிஸ். இரண்டு தடவையும் கிடங்குகள் இருக்கும் பெரிய வீதியில், நடைபாதையே இல்லாத ஓரத்தில், நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

"எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஸ்டேஷனுக்கு என்கிறார். இங்கே ஸ்டேஷன் இல்லை" என்றார் இரினா. நகங்களைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. "மூன்றாம் தடவை நான் வேலையில் இருக்கும்போது பொலிஸ் ஃபோன் பண்ணினால் என்ன சொல்வார்களோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு நாளும் போகிறேன்."

இல்லத்தில் சேர்ப்பதற்கு ஜூலியின் கையெழுத்து வேண்டும். இரினாவுக்கு அன்று அது தேவையாக இருந்தது.

ஜூலி கேள்விகளைத் தொடங்கினார். இன்று என்ன கிழமை? சரியாகச் சொன்னார். என்ன பருவம்? "இஞ்ச இலை உதிருது. எங்கட ஊரில ஆத்தில பனிக்கட்டி உடையிற நேரம்." என்ன வேலை பார்த்தீர்கள்? "நகரத் திட்டக் கந்தோரில முப்பது வருசம். வோல்கா ஆத்தங்கரையில ஒரு பெரிய நகரம்." எல்லாம் சரி. ஜூலி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"இப்போது நாம் இருக்கும் இந்த இடத்தின் பெயர் என்ன?"

"புத்தூரே" என்றார் கலினா பெத்ரோவ்னா.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புத்தூர் எங்கள் பக்கத்து ஊர். நீர்வேலியிலிருந்து சைக்கிளில் போகலாம். வோல்கா நதிக்கரை அம்மாவுக்கு அதை யார் சொன்னார்கள்?

ஆனால் எதையும் சேர்க்கக் கூடாது, விடக் கூடாது. "புத்தூர்" என்றேன் ஜூலியிடம்.

"எழுத்துக்கூட்ட முடியுமா?"

கூட்டினேன். ஜூலி அதை அப்படியே எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு குறி போட்டார். இரினா கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டில் பால் முடிந்துவிட்டால் எங்கே போவீர்கள்?"

"நகர மையத்துக்கு. வாசலில இருந்து இடப்பக்கம், பூங்காவைத் தாண்டி, ஸ்ரேசனுக்குத் தெற்கால. நடந்தால் ஏழு நிமிசம்."

நான் சொல்லச் சொல்ல ஜூலி ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆளுயர முட்செடி, கம்பி வேலி, தொழிலாளர்களுக்கான பிளாஸ்டிக் கழிப்பறை ஒன்று, அதற்கப்பால் வானம்.

"அங்கே போயிருக்கிறீர்களா?"

"ரெண்டு தரம் வெளிக்கிட்டனான். போய்ச் சேரேல்லை. முதல் தரம் லொறிக்காரன் ஏத்திக்கொண்டு வந்திட்டான். நல்ல பெடியன், ஆனா நான் சொன்னது ஒண்டும் விளங்கேல்லை."

"வழி தெரியாமல் போய்விட்டதா?"

"ஏன் தெரியாது? வழி முழுக்கப் பலகை நட்டிருக்கு. எல்லாப் பலகையிலும் ஊரின்ர பேர் கிடக்கு."

ஜூலி இன்னொரு குறி போட்டார். கலினா பெத்ரோவ்னா எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தான் ஏதோ பரீட்சையில் தோற்றுக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது, எந்தக் கேள்வியில் என்றுதான் தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு பளபளப்புக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"எனக்கு மூளை பிழைக்கேல்லை, நான் விசரியில்லை. இஞ்ச எழுதியிருக்குத்தானே" என்று பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "புத்தூரே ஸ்ரேசன். புத்தூரே பள்ளிக்கூடம். புத்தூரே பூங்கா. புத்தூரே நகர மையம்."

அந்தக் காகிதம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அதே காகிதம் யானைக் காந்தத்துக்குக் கீழே ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சுகந்தியின் வட்டம்

நாங்கள் அப்போது சன்ஷைன் என்ற புறநகரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். சுகந்தி ஒரு சனிக்கிழமை என்னை ட்ருகனினாவின் காணி விற்பனைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் பலூன், உள்ளே இலவசக் கோப்பி, சுவர் முழுக்க வரைபடம். அதே வரைபடத்தைப் பளபளப்புக் காகிதத்தில் அடித்துக் கையிலும் தந்தார்கள். அதில் ஒரு காணித் துண்டைச் சுற்றிச் சுகந்தி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள்.

"ஸ்ரேசனுக்குக் கிட்ட" என்றாள்.

"ஸ்ரேசன் எங்க?"

"வரும் எண்டு போட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"வரும் எண்டு போட்டிருக்கப்பா."

நான் லிஃப்ட் கதையைச் சொன்னேன். அவள் அதை ஏற்கெனவே ஆறு தடவை கேட்டிருந்தாள்.

வரப்போகும் ஸ்டேஷன், வரப்போகும் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள்: ஃபியூச்சர். வீதியோரப் பலகைகளிலும் அதே சொல்தான், பெரிய எழுத்தில். கலினா பெத்ரோவ்னா சின்ன வயதில் பள்ளியில் ஜெர்மன் படித்தவர். ஸ்டேஷன், பார்க், ஸ்கூல், சென்டர் எல்லாம் ஜெர்மன் வழியாக அவருக்கு விளங்கியது. விளங்காத ஒரே சொல், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற சொல், ஊரின் பெயர்தானே? ஜெர்மன் எழுத்தை வாசிப்பதுபோல் அதை வாசித்தார். ஃபுத்தூரே. என் நீர்வேலிக் காது அதைப் புத்தூர் ஆக்கிவிட்டது.

திருத்தம்

"மொழிபெயர்ப்பாளர் தன் பிழை ஒன்றைத் திருத்த விரும்புகிறார்" என்றேன் ஜூலியிடம். எங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாங்கள் மூன்றாம் ஆளாகப் பேச வேண்டும்.

காகிதத்தைக் காட்டி விளக்கினேன். ஜூலி வாசித்தார். அவர் எழுதிய புத்தூரைப் பேனாவால் மெதுவாக வெட்டினார். அதுவரை சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"இவர் குழம்பவில்லை" என்றேன். "வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர், வரைபடத்தை நம்பிப் போயிருக்கிறார். நான் வரும்போது இருபது நிமிடம் இதே இடத்தில் தொலைந்து நின்றேன், என்னை யாரும் மதிப்பிடவில்லை. பக்கத்துத் தெருவின் பெயர் என்ன என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்."

ஜூலி நியாயமான மனுசி. இரினாவைத் திரும்பிப் பார்த்தார். இரினா யோசித்தார். ஒன்றரை வருடமாக அங்கே குடியிருப்பவர். பெயர் வரவில்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்து போனார்.

கலினா பெத்ரோவ்னாவுக்கு அந்தச் சொல்லின் பொருளை ரஷ்ய மொழியில் சொன்னேன். அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்ரேசன்?"

"வரும்."

"பள்ளிக்கூடம்?"

"வரும்."

"கடை?"

"அதுவும் வரும்."

"இந்த வீடுகள்?"

"அது வந்திட்டுது."

அவர் ஒரு தரம் சிரித்தார், இருமல் போல. "இந்தச் சொல்லை முப்பது வருசம் நான்தான் எழுதினனான். வேற பாசையில எழுதினா எனக்கே விளங்கேல்லை."

ஜூலி கோப்பை மூடினார். இல்லத்துக்கு அனுமதி இல்லை, வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு ஒரு உதவியாளர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுச் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனம் லேசாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கார் வரைக்கும் இரினா பின்னால் வந்தார்.

"உங்களை மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டது" என்றார் ரஷ்ய மொழியில், குரலை உயர்த்தாமல். "அம்மா விசரியில்லை எண்டு எனக்குத் தெரியாதோ? தெளிவான ஆள் லொறி றோட்டில அடிபட்டாலும் சாவுதான். நீங்கள் இப்ப காரில ஏறிப் போயிடுவீங்கள். நாளைக்கு விடிய அஞ்சரைக்கு அவவைத் தனிய விட்டிட்டுப் போறது நான்."

காரை எடுத்தேன். வழிகாட்டிக் கருவி, முடிந்தால் திரும்பிப் போகுமாறு கேட்டுக்கொண்டது.

கடிதம்

பத்து நாளில் என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. வாடிக்கையாளரின் குடும்பத்திலிருந்து முறைப்பாடு. நான் என் பாத்திரத்தின் எல்லையை மீறியதாக எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஒழுக்க விதிகள் பற்றிய ஒருநாள் வகுப்புக்குப் போனேன். வகுப்பில் என்னோடு இருந்த அரபு மொழிபெயர்ப்பாளர், ஒரு விவாகரத்து வழக்கில் கணவனும் மனைவியும் சொன்னதை மாற்றிச் சொல்லிச் சேர்த்து வைத்தவர். அவர்கள் இப்போதும் ஒன்றாக இருக்கிறார்கள், முறைப்பாடு இருவருமே கொடுத்தது என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ரஷ்ய வேலை வரவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு முழிப்பு வந்தது. ஜன்னலில் மழை விழுந்தால், அந்த அம்மா மழையில் வெளிக்கிட மாட்டார் என்று நினைத்துத் திரும்பப் படுப்பேன். மழை இல்லாவிட்டால் நித்திரை வராது.

சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியேல்லை" என்றாள். "காணிக்கு என்ன செய்யிறது, அதைச் சொல்லுங்கோ."

அந்தக் காணியை வாங்கினோம். ஸ்டேஷன் வராது என்பதற்கு மெல்பேர்ணிலேயே என்னைவிட நல்ல சாட்சி இருந்திருக்க முடியாது. எங்கள் கைக்கு எட்டிய வேறு இடம் இல்லை, அதுதான் முழுக் காரணம்.

இரண்டாம் தடவை

வசந்தம் தொடங்கியிருந்தது. நிறுவனத்திலிருந்து அழைத்து, ட்ருகனினாவில் ஒரு ரஷ்ய வேலை, வாடிக்கையாளர் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார் என்றார்கள். விலாசத்தைக் கேட்டதும் இரண்டாம் தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஜூலி பிந்திவிட்டார். அதிகாரி இல்லாமல் வாடிக்கையாளரோடு தனியாகப் பேசக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன விதி. அதனால் காருக்குள் இருந்தேன். ஐந்து நிமிடத்தில் கலினா பெத்ரோவ்னா வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தேத்தண்ணி ஆறுது."

"விதி இருக்கு, அம்மா."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு. விதியை என்னட்டச் சொல்லாதேங்கோ."

போனேன். எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீர், கரண்டியில் பழப்பாகு. இரினா குசினியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் மெல்பேர்ணின் ட்ராம் பாதைப் படம் விரித்துக் கிடந்தது. பென்சிலால் மூன்று இடத்தில் குறி இருந்தது.

கலினா பெத்ரோவ்னா தன் கந்தோரைப் பற்றிச் சொன்னார். நாடு உடைந்த பிறகு பணக்காரர்கள் வரைபடத்தைத் தாங்களே கொண்டுவந்தார்களாம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருபது மாடி. பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கார் விற்கும் கடை. ஊருக்கு வெளியே இருந்த கிராமங்களை உயரமான மதில் வீடுகள் ஒன்றொன்றாக விழுங்கின. கட்டுவதற்குத் தூரத்து ஊர்களிலிருந்து பெடியன்கள் வந்தார்கள். தாங்கள் கட்டும் கட்டடத்துக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டியில் படுத்தார்கள்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையெழுத்துப் போட்டனான். ஒண்டுவிடாமல் போட்டனான்."

அப்போது ஜூலி வந்தார். என் முன்னால் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

"போன தடவை உங்களுக்கு இல்லம் தேவையில்லை என்று முடிவு செய்தோம். இப்போது நீங்களே கேட்டிருக்கிறீர்கள். ஏன்?"

"போன முறை மகள் கேட்டவ. இந்த முறை நான் கேக்கிறன்."

அவர் ட்ராம் படத்தைத் திருப்பி ஜூலியின் பக்கம் தள்ளினார். உதவிக்கு வரும் பெண்ணோடு மூன்று இல்லங்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். முதலாவது இங்கிருந்து பத்து நிமிடம், சுற்றிவர மோட்டார்பாதை. இரண்டாவதில் பூந்தோட்டம் உண்டு, வாசல் கதவு பூட்டு. மூன்றாவது நகரத்தின் மறுகரையில், தென்கிழக்கே ஒரு பழைய புறநகர். வாசலுக்கு எதிரே ட்ராம் நிற்கும். ஒரு தெரு தள்ளி மீன்கடை, வாசிகசாலை, ரஷ்ய ரொட்டி விற்கும் கடை.

இரினா குழாயை மூடினார்.

"அங்க போக எனக்கு ஒண்டேகால் மணித்தியாலம். ட்ராஃபிக் எண்டால் ரெண்டு" என்றார் அம்மாவிடம். "அவ்வளவு தூரத்தில இருந்து உங்களைக் கூப்பிட்டது ஊரின்ர மற்றப் பக்கத்தில கொண்டுபோய் விடவோ?"

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் ஜூலி. நான் சொன்னேன்.

"நீ வேலையால வந்து சாப்பிட்டிட்டு மேசையிலயே நித்திரை கொள்ளுறாய்" என்றார் கலினா பெத்ரோவ்னா. "நான் பகல் முழுக்க ஜன்னலில நிக்கிறன். ஒரு மனுசர் நடந்து போறதைக் காணேல்லை. நாய் ஒண்டு ஒருநாள் போனது."

"கொஞ்ச நாள் பொறுங்கோ. பஸ் விடப் போகினமாம்."

கலினா பெத்ரோவ்னா பென்சிலைக் கோட்டுப் பையில் வைத்தார்.

"இரினா, நான் உனக்கு ஒண்டு சொல்லேல்லை. இப்பிடியான இடங்களை வாழ்க்கை முழுக்கப் படத்தில கீறினனான். ஆயிரக்கணக்கான சனத்தை அதில குடியேத்தினனான். நாங்கள் இருந்தது எங்க? பழைய நகரத்தில, பேக்கரிக்கு மேல, ரெண்டாம் மாடியில. கந்தோரில எனக்குப் புது இடத்தில வீடு தந்தவை. நான் போகேல்லை. பஸ் வந்தாப் பிறகு போவம் எண்டு உன்ர அப்பாவிட்டச் சொன்னனான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். இரினா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். தாய் எழுந்து போய் அவர் தலையில் கை வைத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, அதனால் எனக்கும் வேலை இருக்கவில்லை.

ஜூலி பேனாவை எடுத்தார். படியேறக் கஷ்டம், கண்பார்வைக் குறைவு, பகலில் தனிமை என்று அனுமதிக்கத் தேவையான காரணங்களைத் தேடித் தேடிப் படிவத்தில் போட்டார். அவரும் அன்று தன் பாத்திரத்தின் எல்லையில்தான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

மீன்

கலினா பெத்ரோவ்னா ட்ராம் நிற்கும் அந்த மூன்றாவது இல்லத்துக்குப் போய்விட்டார்; அங்கே தானே சமைக்க ஒரு சின்னக் குசினியும் உண்டு. அடுத்த ஆண்டு எங்கள் வீடு கட்டி முடிந்தது. இரினாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. குடிபோன முதல் மாதம் ஒரு மாலை நான் வாசல் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சுகந்தி படியில் இருந்து அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரினாவின் கார் வந்து நின்றது. வேலை உடுப்போடு இறங்கி நேரே எங்களிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. நான் அவர் பக்கம் திரும்பியதில் குழாய்த் தண்ணீர் என் காலிலேயே அடித்தது.

"அம்மா என் வேலை இடத்துக்கு ஃபோன் எடுத்தார்" என்றார். சுகந்திக்கும் விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இன்றைக்குத் தனியாக ட்ராமில் போய், பிழையான இடத்தில் இறங்கிவிட்டாராம். வீதியில் போன ஒரு பெண்ணிடம் ரஷ்ய மொழியில் வழி கேட்டாராம். அவள் ரஷ்ய மொழியிலேயே பதில் சொன்னாளாம். மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் எடுத்தார். நான் ஆய்வுகூடத்தில் எல்லார் முன்னாலும் நின்று அழுதேன்."

"என்ன மீன்?" என்று கேட்டாள் சுகந்தி.

இரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். ஆங்கிலப் பெயர் தெரியவில்லை. இரண்டு கையையும் அகட்டி நீளத்தைக் காட்டினார், பிறகு செதிலைக் காட்டினார், வாயின் இரண்டு பக்கமும் விரலை வைத்து மீசை காட்டினார்.

"முள்ளு கூடின மீன்" என்றாள் சுகந்தி என்னிடம். "பொரிக்கத்தான் சரி. எப்பிடிச் சமைக்கிறவவாம் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். இரினா படியில் சுகந்திக்குப் பக்கத்தில் அமர்ந்து, கீரையில் ஒரு பிடியைத் தானும் எடுத்து ஆயத் தொடங்கினார். புளித்த பாலாடை, வெங்காயம், அடுப்பில் நாற்பது நிமிடம். சமையல் பேச்சுக்கு அவர்கள் இருவரின் ஆங்கிலமும் போதவில்லை; நான் குழாயை மூடிவிட்டு இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.